வெள்ளவத்தை முதல் கல்கிசை வரை, செத்து ஒதுங்கும் பறவைகளை எண்ண ஆட்கள் வேண்டும்

பாலத்தடி எழுதியது:

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மாதம் ஒரு தடவை, ஒரே துண்டுக் கரையில், ஒரே மாதிரி நடந்து, செத்து ஒதுங்கியிருக்கும் பறவைகளை எண்ணிப் படம் எடுத்து எழுதி வைக்க ஆட்கள் தேடுகிறேன். கொழும்பில் வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் இருந்து தெஹிவளை வரை ஒரு துண்டு, அங்கிருந்து கல்கிசை வரை இன்னொன்று. வேறு பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கரையைச் சொன்னால் அதையும் சேர்க்கலாம்.

ஏன் இந்த விசர் வேலை என்று கேட்பீர்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு வெளியே 2021 மே 20 இல் எரியத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள், அதற்குள் 25 தொன் நைத்திரிக் அமிலம், 1,680 தொன் அளவு பிளாஸ்டிக் மணிகள். ஜூன் 2 இல் தாழத் தொடங்கியது. பிறகு கரை கரையாக ஆமை செத்து ஒதுங்கியது, 400-க்கு மேல். அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி, இதில் கப்பலால் செத்தது எத்தனை, சோளகக் காலத்தில் (தென்மேற்குப் பருவக்காற்று) வலையில் மாட்டி வழமையாகச் சாவது எத்தனை என்பதுதான். அதற்கு வடிவாகப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒன்றும் நடக்காத வருடங்களின் ஜூன் மாதக் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஆமையாவது பெரிய உடம்பு, யாராவது கண்டு போன் எடுத்துச் சொல்வார்கள். பறவை செத்தால் காகம் பாதி, நாய் பாதி, மிச்சம் அலைக்கு.

அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாது, ஆனால் கொழும்புக்கு வெளியே எந்நேரமும் கப்பல் வரிசையில் நிற்பதை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றே பார்க்கலாம். எண்ணுகிற வேலையை இப்போதே தொடங்கினால்தான் சரி.


தண்டவாளத்தான் எழுதியது:

அக்கா, குறை நினைக்க வேண்டாம். நான் தினமும் விடிய அந்தப் பக்கம் ஓடுகிறவன். வெள்ளவத்தையில் கரை எங்கே இருக்கிறது? தண்டவாளம், அதற்குக் கீழே கருங்கல், அதற்குக் கீழே கடல். சோளகம் தொடங்கினால் இருக்கிற மணலும் போய்விடும். அங்கே நான் கண்டது உடைத்த தேங்காய், கோழித் தலை, ஒற்றைச் செருப்பு, செத்த எலி. கடற்பறவை ஒன்றும் இல்லை.

ஒரு பேச்சுக்கு இருந்தது என்றே வைப்போம். விடிய ஐந்து மணிக்கு முதலே காகம் வந்துவிடும், பிறகு நாய், அதற்குப் பிறகு மாநகர சபைக்காரர் கூட்டிக்கொண்டு போவார்கள். மாதத்தில் ஒரு நாள் போய் நீங்கள் எதை எண்ணப் போகிறீர்கள்? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் ஒதுங்குகிறது, அவர்கள் எண்ணுகிறார்கள். இங்கே பூச்சியத்தை எண்ண ஒரு குழுவா?


மழைக்கோட்டு எழுதியது:

அந்தப் பூச்சியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பிறந்து வளர்ந்தது பம்பலப்பிட்டி. இப்போது இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கரைக்குக் கிட்ட. இங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜூலியா பாரிஷ் 1990களின் கடைசியில் தொடங்கின, செத்து ஒதுங்கும் பறவைகளை எண்ணுகிற ‘கோஸ்ட்’ என்ற திட்டத்தில் நானும் கரை நடக்கிறேன். கலிபோர்னியாவின் வடக்கில் இருந்து அலாஸ்கா வரை நூற்றுக்கணக்கான கரைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார், என்னைப் போல் கணினி வேலைக்காரர், இப்படிப்பட்டவர்கள்தான். விஞ்ஞானி யாரும் கூட வருவதில்லை.

நான் நடக்கிற கரையில் பல மாதங்களில் ஒன்றுமே கிடையாது. மழையில் நனைந்து போய், நடந்து, திரும்பி வந்து, “பறவை இல்லை” என்று எழுதி அனுப்புவேன். அப்படி எழுதாமல் விட்டால்தான் கெடுதல். ஏனென்றால் ஆள் போகவில்லையா, போயும் ஒன்றும் கிடைக்கவில்லையா என்று தாளைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பறவை கிடைத்த நாளில் மட்டும் படம் போடுகிறவர்கள் இங்கும் இருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும், கணக்குக்கு உதவாது.

2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் கொமன் மர் என்ற பறவை (தூரத்தில் பார்த்தால் குட்டிப் பென்குயின் மாதிரி, ஆனால் பறக்கும்) இங்கே கரை முழுக்கச் செத்து ஒதுங்கியது. கலிபோர்னியா தொடங்கி அலாஸ்கா வரை ஏறக்குறைய 62,000 உடல்கள். எல்லாம் எலும்பும் தோலும். பசிபிக்கில் 2014 இல் இருந்து 2016 வரை கடல் வெப்ப அலை ஒன்று நீடித்தது, இங்குள்ளவர்கள் அதை ‘புளொப்’ என்பார்கள். அந்தச் சூட்டில் சின்ன மீன் எல்லாம் குறைந்து போனது. இந்தப் பறவை ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதியளவு மீன் தின்ன வேண்டும், சில நாள் கிடைக்காவிட்டால் முடிந்தது. இது வழமைக்கு மாறானது என்று உடனே அடித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன் பதினைந்து வருடத்துக்கு மேலாக யார் யாரோ எழுதி வைத்த அந்தச் சலிப்புப் பிடித்த மாதங்கள்தான்.


தண்டவாளத்தான் எழுதியது:

> ஏறக்குறைய 62,000 உடல்கள்

அண்ணா, நான் இணையத்தில் பார்த்தேன், ஓர் இடத்தில் பத்து லட்சம் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் நாற்பது லட்சம் என்கிறார்கள். 62,000 ஐ வைத்து நாற்பது லட்சம் சொல்வதென்றால் எனக்கும் ஒரு பட்டம் தரலாம்.


விலங்கியல்காரி எழுதியது:

இரண்டும் வேறு வேறு கணக்கு தம்பி, ஒன்றாகக் குழைக்கக் கூடாது.

கரையில் கண்டது 62,000. கடலில் சாவதில் சிறு பங்குதான் கரைக்கு வரும், மிச்சம் தாழும், அல்லது தின்னப்படும். அதை வைத்து முதலில் போட்ட மதிப்பீடு ஐந்து லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் இடையில், 2020 இல் வெளிவந்தது. பிறகு அலாஸ்காவில் அவை கூடு வைக்கிற 13 இடங்களில் முன்பு எத்தனை, பின்பு எத்தனை என்று உயிரோடு இருப்பவற்றை எண்ணிப் பார்த்தார்கள். பாதி இல்லை. அதில் இருந்து வந்ததுதான் நாற்பது லட்சம், 2024 டிசம்பரில். ஆக, கரையில் நடந்தவர்கள் சொன்னது மிகைப்படுத்தல் இல்லை, குறைவு.

இதே கதை 1989 இல் அலாஸ்காவில் எக்சொன் வால்டீஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவிலும் உண்டு. எடுத்த உடல்கள் முப்பதாயிரத்துக்கு மேல், செத்தது இரண்டரை லட்சம் அளவு என்று மதிப்பிட்டார்கள். அந்த இடைவெளியைக் கணக்குப் பண்ண அடையாளம் போட்ட உடல்களையும் மரக்கட்டைகளையும் கடலில் மிதக்க விட்டு, எத்தனை கரைக்கு வருகிறது என்று பார்க்கும் முறைகூட இருக்கிறது.

நமது பக்கத்தில் கடற்பறவை இல்லை என்பதும் பிழை. காலிமுகத்திடலில் நின்று வடை சாப்பிடும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் ஷியர்வோட்டர் என்ற இனங்கள் மேற்குக் கரையோரமாகக் கடந்து போகும். ஆகஸ்டுக்குப் பிறகு பிரைடில்ட் என்ற இன ஆலாக்கள் (ஆங்கிலத்தில் டேர்ன்) ஆயிரக்கணக்கில் தெற்கே போகும். பறவை ஆய்வாளர் ரெக்ஸ் டி சில்வா இதையெல்லாம் இந்தக் கரையில் நின்றே வருடக்கணக்காக எண்ணிப் பதிந்தவர். மன்னாருக்கு அப்பால் ஆதாம் பால மணல் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையே இடுகின்றன.


முகத்துவாரத்தான் எழுதியது:

எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கடல் தொழில், எனக்கு மட்டும் கந்தோர் உத்தியோகம். ஒரு விஷயம் சொல்லலாம்.

செத்தது கரைக்கு வருமா வராதா என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். மே தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம், கடலில் இருந்து கரைக்கு அடிக்கும். அந்த நேரம் கடலில் எது மிதந்தாலும் எங்கள் பக்கம் வரும், மரம், வலைத் துண்டு, போத்தல், ஆமை, எல்லாம். வாடை தொடங்கினால் காற்று தரையில் இருந்து கடலுக்கு. அப்போது நூறு பறவை வெளியில் செத்தாலும் கொழும்பில் ஒன்றையும் காண மாட்டீர்கள், அவை மேற்கே போய்விடும். அதனால் ஜனவரியில் பூச்சியம், ஜூனில் ஐந்து என்று வந்தால் ஜூனில் கூடச் செத்தது என்று முடிவு கட்டக் கூடாது. ஜூனை அடுத்த வருட ஜூனோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், தெஹிவளைப் பக்கத்தோடு நிற்க வேண்டாம். காக்கைத்தீவுக் கரை அகலம், நடக்க லேசு. களனி ஆறு பக்கத்தில் விழுவதால் குப்பையும் அதிகம், அதனால் தேடுவது கொஞ்சம் கஷ்டம். கடல்வள ஆராய்ச்சி செய்கிற நாரா நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் துண்டை நான் எடுக்கிறேன்.

சோளகக் கடலில் களைத்துப் போன பறவை வள்ளத்தில் வந்து குந்தும், அப்பா அதைத் துரத்த விட மாட்டார். ஆலா கூட்டமாக இறங்குகிற இடத்தில்தான் சூரை மீன் இருக்கும், பறவை இல்லாமல் போனால் மீன் தேடுவதும் கஷ்டம் என்பார்.


பாலத்தடி எழுதியது:

அண்ணா, காற்று விஷயம் மிகப் பெரிய உதவி. தாளில் காற்றின் திசைக்கு ஒரு கட்டம் போடுகிறேன். காக்கைத்தீவு உங்கள் பெயரில்.


அடையாறுப்பக்கம் எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், நடுவில் மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் நடந்துகொண்டிருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் நடப்பார்கள். முட்டையை எடுத்துப் பாதுகாப்பாக வைப்பதுதான் பிரதான வேலை, ஆனால் வழியில் செத்துக் கிடக்கும் ஆமையையும் எண்ணுவார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் ஒதுங்கியபோது, “இது வழக்கமாக நடப்பதுதான்” என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை, காரணம் நடந்தவர்களிடம் பழைய எண் இருந்தது. இழுவைப் படகுகள் மேல் கேள்வி எழுந்தது அதனால்தான்.

என் அனுபவத்தில் ஒன்று: முதல் மாதம் முப்பது பேர் வருவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். மூன்றாவது மாதம் நான்கு பேர். அந்த நான்கு பேரை வைத்துத் திட்டம் போடுங்கள், முப்பது பேரை வைத்துப் போடாதீர்கள்.


கோப்புக்கட்டு எழுதியது:

சட்டப் பக்கத்தில் இருந்து ஒரு எச்சரிக்கை. வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 இல் இருந்து இருக்கிறது. செத்த பறவைதானே என்று இறகையோ மண்டையோட்டையோ வீட்டுக்குக் கொண்டு போய் அலுமாரியில் வைத்தால், பாதுகாக்கப்பட்ட இனத்தின் பாகத்தை வைத்திருந்தீர்கள் என்று வழக்கு வரலாம். பிள்ளைகள் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். படம் எடுங்கள், அளவு எடுங்கள், அங்கேயே விடுங்கள். ஆமை, டொல்பின் என்றால் அளவுகூட வேண்டாம், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை நாயை விரட்டிக்கொண்டு நில்லுங்கள்.

எழுதுகிற தாளை நாளைக்கு நீதிமன்றத்தில் யாரோ ஒருவர் கிழித்துப் பார்ப்பார் என்று நினைத்தே எழுதுங்கள். பேர்ள் வழக்கில் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. அந்தளவு காசு சம்பந்தப்பட்டால் எதிர்ப்பக்கம் “இதை எழுதியது யார், எந்த நாள், எத்தனை மணி, எங்கே தொடங்கி எங்கே முடித்தார்” என்று கேட்காமல் விடாது. “ஜூன் மாதம் நிறையப் பறவைகள்” என்பதெல்லாம் அங்கே எடுபடாது. எழுதியதை அழிக்கக் கூடாது, பிழை என்றால் ஒரு கோடு வெட்டிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

கப்பல் எரிந்த அந்தக் கிழமை நாடு முழுக்கப் பயணத் தடை, கொரோனா. சாதாரண ஆட்கள் கரைக்கே போக முடியாது. ஆகவே எண்ணியவர்கள் யார், எந்தக் கரையை எத்தனை தடவை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்களை வாசிக்க வேண்டும்.


தண்டவாளத்தான் எழுதியது:

சரி, பூச்சியம் விஷயம் விளங்குகிறது. ஆனால் காகம், நாய் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லையே. வெள்ளவத்தையில் பத்துப் பறவை ஒதுங்கி ஒன்பதைக் காகம் தின்றால், நீங்கள் ஒன்று என்று எழுதுவீர்கள். கல்கிசையில் ஹோட்டல்காரர் விடியக் கூட்டிவிடுவதால் அங்கே பூச்சியம் என்று எழுதுவீர்கள். இது பறவைக் கணக்கா, துப்புரவுக் கணக்கா?


மழைக்கோட்டு எழுதியது:

இந்தக் கேள்வி நல்ல கேள்வி. இங்கே செய்வது இப்படி. கண்ட பறவைக்கு நிறக் கேபிள் டை கட்டுவோம், ஒவ்வொன்றுக்கும் வேறு நிற வரிசை, அதைக் கட்டிக் கிடந்த இடத்திலேயே விடுவோம். அடுத்த தடவை போகும்போது பச்சை மஞ்சள் கட்டினது இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் இரண்டாம் தடவை எண்ண மாட்டோம். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் போய்விட்டது என்று தெரியும். ஓர் உடல் எத்தனை நாள் தங்குகிறது என்பது தெரிந்தால், கண்டதை வைத்துக் காணாமல் போனதையும் கணக்கிடலாம். பத்தில் ஒன்பது போகிறது என்றால், எப்போதும் பத்தில் ஒன்பது போகும்வரை கவலை இல்லை. அது கரைக்குக் கரை மாறும் என்பதால்தான் கரையை மாற்றக் கூடாது என்கிறோம்.

கொழும்பில் ஒரு மாதம் விடவே முடியாது. முதலில் ஒரு பத்து நாள், காலை மாலை இரு தடவை ஒரே துண்டைப் பார்த்து, உடல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்.


ரீச்சரம்மா எழுதியது:

பிளாஸ்டிக் மணி கொட்டின கரையில் பிளாஸ்டிக் கேபிள் டையா? எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து அரிதட்டால் அந்த வெள்ளை மணிகளைப் பொறுக்கினார்கள், அதே இடத்தில் நான் போய்க் கலர் கலராகக் கட்டிவிட்டு வர மாட்டேன். நாய் அதைக் கடித்து விழுங்கினால்?


விலங்கியல்காரி எழுதியது:

ரீச்சர் சொல்வது சரி. பருத்தி நூல் போதும், சாயம் போட்ட தையல் நூலை இரண்டு மூன்று மடங்காக முறுக்கிக் காலில் முடிச்சுப் போடலாம். நமது கரையில் ஒரு மாதம் தாங்கவே தேவையில்லை. வற்றுப்பெருக்கு வேறுபாடு இங்கே ஒரு மீற்றர்கூட இல்லை, அண்ணாவின் வாஷிங்டன் கரை மாதிரி இரண்டு மூன்று மீற்றர் ஏறி இறங்காது, அதனால் உடலை வாரிக்கொண்டு போவது பெரும்பாலும் புயல் அலையும் வாயுள்ள பிராணிகளும்தான்.

பிளாஸ்டிக் பற்றி: ஐரோப்பாவில் வட கடல் கரைகளில் ஒதுங்கும் ஃபுல்மார் என்ற பறவையின் வயிற்றைத் திறந்து பார்க்கிறார்கள். உடல்களைப் பொறுக்கிக் கொடுப்பவர்களில் தொண்டர்கள் நிறைய. பறவைகளில் பத்து வீதத்துக்கு மேல், 0.1 கிராமுக்கு அதிகமான பிளாஸ்டிக் வயிற்றில் இருக்கக் கூடாது என்பது அங்கே அரசுகள் ஏற்ற இலக்கு. ஒரு பறவையின் வயிறு அரசாங்கங்களின் அளவுகோல் ஆகியிருக்கிறது. அவுஸ்திரேலியாவின் லோர்ட் ஹாவ் தீவில் ஃபிளெஷ் ஃபூட்டட் ஷியர்வோட்டர் குஞ்சுகளின் இரைப்பையில் பிளாஸ்டிக்கால் தழும்பு விழுந்திருப்பதை 2023 இல் தனி நோயாகவே பெயர் வைத்தார்கள். நான் மேலே சொன்ன, மே மாதம் கொழும்பைக் கடக்கிற ஷியர்வோட்டர்களில் இந்த இனமும் ஒன்று.

ஆனால் நாங்கள் யாரும் வயிற்றைத் திறக்கப் போவதில்லை. அது அனுமதியோடு ஆய்வுகூடத்தில் செய்கிற வேலை.


பாலத்தடி எழுதியது:

இனம் காண்பதுதான் எனக்குப் பயம். போன சோளகத்தில் தெஹிவளையில் கண்ட ஒன்றின் படத்தை இணைக்கிறேன். தலை பாதி இல்லை, நெஞ்சைக் காகம் குடைந்துவிட்டது, இறகு உப்பும் மணலும் பிடித்துக் கயிறு மாதிரி. மேலே கருமை கலந்த மண்ணிறம், அடியில் வெள்ளை. பக்கத்தில் அடிமட்டம் வைத்திருக்கிறேன். இது என்ன?


விலங்கியல்காரி எழுதியது:

அடிமட்டம் வைத்ததற்கு முதலில் ஒரு கும்பிடு. கை விரலைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

முகத்தைத் தேட வேண்டாம், முகம் முதலில் போய்விடும். காலைப் பாருங்கள். காலில் இறைச்சி இல்லாததால் காகம் தொடாது, பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். கோஸ்ட் திட்டத்தின் கைநூலும் காலில் இருந்துதான் தொடங்குகிறது. உங்கள் படத்தில் முன் விரல் மூன்றுக்கும் இடையில் சவ்வு, பின் விரல் சின்னதாகத் தனியாக. நான்கு விரலையும் சவ்வு சேர்த்திருந்தால் நீர்க்காகம், அதுதான் வெள்ளவத்தைக் கால்வாயில் இருந்து அடித்து வரக்கூடியது. இது அது இல்லை. மூன்று விரல் என்றால் ஆலா, கடற்காகம், ஷியர்வோட்டர் மூன்றில் ஒன்று. கால் சின்னது, கறுப்பு, சவ்வின் விளிம்பு உள்ளே வளைந்து வெட்டினது போல இருக்கிறது. அது ஆலா.

இனி இறக்கை. மடக்கின முட்டில் இருந்து நுனி வரை உங்கள் அடிமட்டத்தில் ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர். மேலே கருமண்ணிறம். அப்படியானால் பிரைடில்ட் அல்லது சூட்டி. சூட்டி கொஞ்சம் பெரிது, முதுகு நல்ல கறுப்பு. நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றால் சூட்டி, கண்ணைத் தாண்டிப் புருவம் மாதிரி நீண்டால் பிரைடில்ட். உங்களுடையதில் மிஞ்சியிருக்கிற வலப் பக்கத்தில் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கீற்று ஒன்று தெரிகிறது. நான் பிரைடில்ட் என்றுதான் எழுதுவேன், ஆனால் தாளில் “பிரைடில்ட், தலை சேதம்” என்று எழுதுங்கள்.

மூக்கு குழாய் மாதிரி அலகின் மேல் நின்றால் ஷியர்வோட்டர் வகை. சில இனங்களுக்குக் கால் இளஞ்சிவப்பு, அதில் அலகும் வெளிர் நிறம், நுனி மட்டும் கறுப்பு என்றால் ஃபிளெஷ் ஃபூட்டட்.


தண்டவாளத்தான் எழுதியது:

காலைப் பார்த்தே இவ்வளவா? சாதகம் பார்ப்பவர்கூட இந்தளவு சொல்ல மாட்டார்.


ரீச்சரம்மா எழுதியது:

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? ஒன்பதாம், பத்தாம் வகுப்பு. பறவைக் காய்ச்சல் பற்றிப் பெற்றோர் நிச்சயம் கேட்பார்கள்.


விலங்கியல்காரி எழுதியது:

கேட்க வேண்டியதுதான். 2021, 2022 இல் பிரித்தானியப் பக்கம் ஸ்குவா, கனெட் போன்ற கடற்பறவைகள் பறவைக் காய்ச்சலால் கூட்டமாகச் செத்தன. அங்கேயும் தொண்டர்களுக்குச் சொன்னது தொடாதே, எண்ணு, சொல்லு. பிள்ளைகள் வரட்டும், எழுதுவது, படம் எடுப்பது, தூரம் அளப்பது அவர்கள் வேலை. தொடுவது வளர்ந்தவர்கள் மட்டும், கையுறையும் முகக்கவசமும் போட்டு, குச்சியால் புரட்டி. நூல் கட்டுவதும் பெரியவர்தான். ஒரே நாளில் ஒரே இடத்தில் பல பறவை கிடந்தால் ஒருவரும் கிட்டப் போக வேண்டாம், படம் எடுத்துவிட்டு திணைக்களத்துக்கு அழையுங்கள்.


கோப்புக்கட்டு எழுதியது:

தண்டவாளத்தில் நடக்கக் கூடாது என்பதையும் எழுதிப் போடுங்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். கடல் இரைச்சலில் பின்னால் வரும் ரயில் கேட்காது, ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் எல்லாக் கணக்கும் அன்றோடு சரி. வெள்ளவத்தையில் மணல் இல்லாத இடங்களைத் தாளில் “நடக்கவில்லை” என்று குறித்துவிட்டு அடுத்த ஒழுங்கையால் இறங்குங்கள்.


முகத்துவாரத்தான் எழுதியது:

கல்கிசையில் 2020 இல் மணல் கொட்டினார்களே, அது எவ்வளவு வேகமாகப் போனது என்று ஞாபகம் இருக்கும். கரை அகலத்தையும் ஒவ்வொரு மாதமும் அடியால் அளந்து எழுதுங்கள், கரை இல்லாத மாதம் பறவை இல்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.


பாலத்தடி எழுதியது:

எங்கே பதிவது? இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போடலாமா?


விலங்கியல்காரி எழுதியது:

இபேர்ட் உயிரோடு இருக்கும் பறவைக்கு, அங்கே போட வேண்டாம். உயிரினப் படங்களைப் பதிகிற ஐநெச்சுரலிஸ்ட் தளத்தில் செத்தது என்று குறிக்க வழி உண்டு, படத்தை அங்கே ஏற்றலாம், உலகத்தில் யாராவது இனம் சரி பார்ப்பார்கள். ஆனால் “போனேன், ஒன்றும் இல்லை” என்று அதில் எழுத இடம் கிடையாது. அதனால் நமது சொந்த எக்செல் தாள் கட்டாயம். களப் பறவையியல் குழு 1976 இல் இருந்து கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு சேர்ந்து இயங்குகிறது, அவர்களிடம் தாளைக் காட்டி அபிப்பிராயம் கேட்டுத் தொடங்குவது புத்தி. ஆறு மாதம் எண்ணிவிட்டு, கட்டங்கள் பிழை என்று கேட்டால் அழ வேண்டி வரும்.


தண்டவாளத்தான் எழுதியது:

எனக்கு இன்னும் முழுதாக நம்பிக்கை இல்லை. இந்த நாட்டில் எழுதி வைத்ததை யார் வாசிக்கிறார்கள்? சபையில் குப்பை பற்றி நான் கொடுத்த கடிதமே மூன்று மேசை தாண்டவில்லை. ஆனாலும் விடிய ஓடுகிறவன் நான்தானே. அந்த உடல் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று பார்க்கிற பத்து நாள் வேலையை என்னிடம் தாருங்கள், காகத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இருக்கிறது.


பாலத்தடி எழுதியது:

தந்தாயிற்று தம்பி. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, படத்தில் நேரம் தெரிய வேண்டும்.

மற்றவர்களுக்கு: மாதத்தின் முதல் சனி, காலை ஆறு மணி, தெஹிவளை ரயில் நிலையத்தின் கடல் பக்கம். போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் கரையில் சனம் கூடும், அப்படியான மாதம் ஞாயிறுக்கு மாற்றாமல் அதே சனியில்தான் நடப்போம், தாளில் குறிப்போம். இருவர் இருவராக, ஒருவர் அலை ஒதுக்கின குப்பை வரிசையோடு, மற்றவர் மேலே கல்லோரமாக. அடிமட்டம், பென்சில், மட்டைக் கொப்பி, கையுறை, சாய நூல். பேனை வேண்டாம், ஈரத்தில் எழுதாது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும், மூலப் படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தாளின் மாதிரியை இன்று இரவு போடுகிறேன், குறை இருந்தால் கிழித்துத் தொங்கவிடுங்கள்.


தண்டவாளத்தான் எழுதியது:

செத்தது காகம் என்றால்? எழுதுவதா, விடுவதா?


விலங்கியல்காரி எழுதியது:

எழுதுங்கள். காகம், புறா, கொக்கு, கால்வாயில் வந்த நீர்க்காகம், எதுவானாலும் எழுதுங்கள். ஒரே கிழமையில் ஏழெட்டுக் காகம் கிடந்தால் அது நஞ்சாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், கடற்பறவையை விட அதை முதலில் சொல்ல வேண்டி வரும். கோழித் தலை மட்டும் வேண்டாம்.